சில்லுக்கும் இடம் வேண்டும்

மோட்டார் வாகனங்களுக்கு வரும் நோய்களுள் பெரும்பாலானவை சத்தத்தினாலேயே முதலில் அறியப்படுகின்றன. பிறேக் தேய்ந்தால் கீச்சிடும். பெயரிங் தளர்ந்தால் உறுமும். புகைக்குழாய் ஓட்டையானால் ஊரையே எழுப்பும். இவற்றுக்கெல்லாம் பழகிய காதுகளுக்கும் அண்மைக் காலத்தில் ஒரு புதிய சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. வேகத்தடையிலும் ரயில் கடவையிலும் கார் ஏறி இறங்கும் வேளையில், சில்லுக்கு மேலேயிருந்து, மரத்தை அரத்தினால் இழுப்பது போன்ற ‘கர்ர்’ என்ற ஓசை எழும். ரயர் மட்காட்டிலே உரசும் ஓசை அது. உயரத்தைக் குறைத்து, அகன்ற சில்லுப் பூட்டி, அழகு பார்க்கப்படும் கார்களுக்கு இந்த நோய் அதிகம். இதற்கு மருந்து கேட்டால் இளைஞர் பலரும் ஒரே சொல்லைச் சொல்லுவர். ‘ஸ்பேசர் போடு!’ என்பதே அச்சொல்.

ஸ்பேசர் என்பது வேறொன்றுமில்லை. சில்லுக்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் இடையில் வைக்கப்படும் வட்டமான உலோகத் தகடு. தகடு எத்தனை மில்லிமீற்றர் தடிப்போ, அத்தனை மில்லிமீற்றர் சில்லு வெளியே தள்ளி நிற்கும். இவ்வளவு எளிய பொருள், இடமறிந்து பூட்டினால் நல்ல மருந்து. இடமறியாது பூட்டினால் நோயை வளர்க்கும். எங்கள் குடும்பத்தில் இந்தத் தகட்டைச் சுற்றி நிகழ்ந்த ஒரு காரியத்தை வாசகர்களுக்கு, சிறப்பாகப் பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கு, எடுத்துரைக்கலாம் என எண்ணுகிறேன்.

யாழ்ப்பாணத்தவர்க்குக் காரின் மீதுள்ள பற்றைப் பற்றிப் புதிதாக எழுத வேண்டியதில்லை. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சோமசெற் கார்கள், அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் எங்கள் வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் வரிசையாக நின்றதைக் கண்டவர் பலர். 1990களில் பெற்றோல் கிடையாத காலத்தில் அக்கார்கள் மண்ணெண்ணெயிலே ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்த பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குண்டுங் குழியுமான வீதிகளிலே கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் குடும்பம் குடும்பமாக ஏற்றிச் சென்ற வாகனங்கள் அவை. ஓர் ஏ40 காரில் எத்தனை பேர் ஏறலாம் என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் விடையே இருந்ததில்லை. இன்னும் ஒருவர் ஏறலாம் என்பதே எப்போதும் விடை. நிலத்திலிருந்து அவற்றின் அடிப்பாகம் உயர்ந்திருந்தது. சில்லைச் சுற்றி இடமும் தாராளமாக இருந்தது.

அந்நாளில் உயரமே காருக்குக் கம்பீரம். இன்றைய இளைஞர்க்கோ தாழ்வே அழகு. இதுவும் ஓர் ஊரிலே பிறந்த வழக்கந்தான். இரண்டாம் உலகப் போரின் பின், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மெக்சிக்க வழியினரான இளைஞர்கள், பழைய கார்களின் டிக்கியில் மணல் மூடைகளை ஏற்றி அவற்றைத் தாழ்த்தி, வீதியில் மெல்ல மெல்ல ஓட்டிச் சென்றனர். பின்னர் ஸ்பிறிங்குகளை வெட்டினர். சில்லு றிம்மின் அடிவிளிம்பைவிடக் காரின் எப்பாகமும் தாழ்ந்திருத்தலாகாது எனக் கலிபோர்னியாவில் 1958இல் சட்டம் வந்தது. றொன் அகீரே என்பவர் 1959இல் விமானத்தில் உபயோகிக்கும் எண்ணெய்ப் பம்புகளைத் தமது காரிலே பூட்டி, பொலிசாரைக் கண்டால் உயர்த்தவும் அவர்கள் போனபின் தாழ்த்தவும் வழி கண்டார். பல்லாண்டுகள் நின்ற அந்தத் தடைகள் 2024 ஜனவரியிலேதான் கலிபோர்னியாவில் நீக்கப்பட்டன. தங்களை ஒதுக்கிய ஊரிலே தலைநிமிர்ந்து ஊர்வலம் போவதற்கு ஏழைக் குடும்பத்து இளைஞர் கண்ட வழி என்பதனால், இந்த வழக்கத்தை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

என் தங்கையின் மகன், எனக்கு மருமகன், இவ்வழக்கத்தின் பக்தன். தகப்பனை இழந்த பிள்ளை. படித்து முடித்து ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவுடன், 1990களில் ஜப்பானில் செய்யப்பட்ட ஒரு சிறிய காரை வாங்கினான். சேமிப்பு போதாதபடியால் தாய் தன் காப்புகள் இரண்டை அடகு வைத்துக் கொடுத்தாள். தாயும் தங்கையர் இருவரும் அவனும் ஒன்றாகப் போய்வரக் குடும்பத்துக்கு ஒரு வாகனம் வேண்டும் என்பதே அன்றைய பேச்சு. கார் வந்த ஆறு மாதங்களுள் அதன் உருவம் மாறிற்று. ஸ்பிறிங்குகள் வெட்டப்பட்டன. பழைய இரும்புச் சில்லுகள் போய், அகன்ற அலோய் சில்லுகள் வந்தன. கார் நிலத்தோடு நிலமாகப் பதுங்கிய சிறுத்தை போல நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது; அதை நான் மறுக்கமாட்டேன்.

அவன் தனியே ஓட்டும்போது பெரிதாகச் சத்தமில்லை. வளைவுகளில் மட்டும் முன்பக்கத்தில் இலேசாக ஏதோ தேயும். ஆனால் தாயும் தங்கையரும் பின்னால் ஏறினால், வாசலைத் தாண்டும்போதே உரசல் தொடங்கிவிடும். நாளடைவில் வீட்டிலே ஒரு புதிய ஒழுங்கு ஏற்பட்டது. “அம்மா, மூன்று பேரும் ஏறினால் ரயர் வெட்டுப்படும். ஒருவர் பஸ்ஸில் வந்தால் நல்லது” என்று அவன் சொல்லுவான். அந்த ஒருவர் எப்போதும் தாயாகவே இருந்தாள். வல்லிபுரக் கோயிலுக்குப் பிள்ளைகள் மூவரும் காரில் போக, அவள் பருத்தித்துறை பஸ்ஸில் போனாள். நான் கேட்டபோது, “எனக்குப் பஸ்தான் வசதி அண்ணா, காற்றோட்டமாயிருக்கும்” என்றாள். இளைய மகளோ வேறொன்று சொன்னாள். தாய் சில கிழமைகளாக இரவுச் சாப்பாட்டைக் குறைத்து வருகிறாளாம். தன் பாரத்தினால்தான் மகனின் காருக்குச் சேதம் என்று அவள் எண்ணியிருக்கிறாள். காப்பை அடகு வைத்து வாங்கிய காரிலே ஏறுவதற்காக ஒரு தாய் பட்டினி கிடப்பதா? இது மருமகனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் அப்படி ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் அவனுடைய நண்பர்கள் வைத்தியம் கூறிவிட்டார்கள். நான்கு சில்லுகளுக்கும் ஸ்பேசர் போட்டால் உரசல் அடியோடு நின்றுவிடும், கார் அகன்றும் தோன்றும் என்பது அவர்கள் தீர்ப்பு. அவன் விலையும் விசாரித்துவிட்டான். “தம்பி, வாங்குமுன் ஒருமுறை அளந்து பார்ப்போம்” என்றேன். முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்த பழக்கம், அளக்காத எதையும் நம்ப விடுவதில்லை. எங்கள் தெருவில் ஏ40 கார்களிலேயே தொழில் பழகிய முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை காரை அவருடைய கராஜுக்குக் கொண்டுபோனோம்.

அவர் கேட்ட முதற் கேள்வியே சரியானது. “தம்பி, எந்தச் சில்லு, எந்த இடத்தில, எப்ப உரசுது?” இம்மூன்றுக்கும் விடை காணாமல் உரசலுக்கு மருந்து செய்தல் கூடாது. ரயர் உரசக்கூடிய இடங்கள் பல. உட்பக்கமாக ஷொக் அப்சோபரிலோ ஸ்பிறிங் தட்டிலோ படலாம். ஸ்ரியறிங்கை முழுவதும் திருப்பும்போது உள்ளே மூடியிருக்கும் பிளாஸ்ரிக் தகட்டிலே படலாம். வெளிப்பக்கமாக மட்காட்டின் மடிந்த விளிம்பிலே படலாம். ஸ்பேசர் சில்லை வெளியே தள்ளுவது. ஆகவே உட்பக்க உரசலுக்கு மட்டுமே அது மருந்தாகும். வெளிப்பக்கத்தில் உரசும் சில்லை இன்னும் வெளியே தள்ளினால் என்ன நிகழும் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும்.

முன்சில்லுகளை முதலில் பார்த்தோம். ஜக்கை வைத்துச் சில்லைக் கழற்றினால், ரயரின் உட்சுவரிலே கண்ணாடி போல் மினுங்கும் ஒரு வளையம் தெரிந்தது. ஷொக் அப்சோபரிலும் அதே உயரத்தில் கரிய தடம். மெக்கானிக் அவ்விடத்தில் வெண்கட்டியைத் தேய்த்து, சில்லை மீண்டும் பூட்டி, தெருக் கோடிவரை ஓட்டி வரச் செய்தார். வெண்கட்டி ரயரிலே ஒட்டியிருந்தது. சான்று போதும். கார் நிற்கையில் அவ்விடத்து இடைவெளி 3 மில்லிமீற்றர். மட்காட்டின் வெளி விளிம்புவரை 22 மில்லிமீற்றர் இருந்தது.

இந்த 3 மில்லிமீற்றர் எப்படி வந்தது என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய ரயரின் பக்கத்தில் 175/70 ஆர் 13 என்று பொறித்திருந்தது. புதியதில் 195/50 ஆர் 15. முதல் எண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. மூன்றாவது, றிம்மின் விட்டம், அங்குலத்தில். பழையதன் சுவர் உயரம் 122.5 மில்லிமீற்றர். அதை இரண்டு மடங்காக்கி, 13 அங்குலமாகிய 330 மில்லிமீற்றரைக் கூட்டினால், முழு விட்டம் 575. புதியதன் சுவர் 97.5, இரண்டு மடங்கோடு 15 அங்குலமாகிய 381ஐக் கூட்ட 576. ஆகவே சில்லு உயரத்தில் வளரவில்லை. வளர்ந்தது அகலமே. 20 மில்லிமீற்றர் அகன்றதில் பாதி, அதாவது 10, உட்பக்கம் சென்றது.

மீதியைச் சொல்வது சில்லின் உட்பக்கத்தில் பொறிக்கப்பட்ட இன்னோர் எண். சில்லு ஹப்பிலே பொருந்தும் தளம், சில்லின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே இருக்கிறது என்பதை அது குறிக்கும். ஈ.ரீ. என்ற எழுத்துகளோடு அது இருக்கும். இவ்வெண் கூடினால் சில்லு உள்ளே போகும். குறைந்தால் வெளியே வரும். பழைய சில்லில் 45, புதியதில் 50. ஆகவே மேலும் 5 மில்லிமீற்றர் உள்ளே. முன்பு 18 மில்லிமீற்றராக இருந்த உள்ளிடைவெளி, பதினைந்தை இழந்து, மூன்றாயிற்று. ஓடும்போது ரயர் நசுங்கி வளைவதற்கு இந்த மூன்று போதாது. எனவே முன்சில்லுகளின் நோய்க்கும் காரைத் தாழ்த்தியதற்கும் தொடர்பு குறைவு. சில்லு உள்ளே புகுந்ததே காரணம். இங்கே 10 மில்லிமீற்றர் ஸ்பேசர் பொருத்தமான மருந்து. உள்ளே 13, வெளியே 12 என இடைவெளி ஏறத்தாழச் சமமாகிவிடும்.

பின்சில்லுகளின் கதை வேறு. அங்கே ரயரின் உட்சுவர் புதிது போலிருந்தது. வெளித்தோளிலோ கத்தியால் சீவியது போன்ற வரிகள். ஓரிடத்தில் நூற்படை தெரியுமளவுக்கு வெட்டு ஆழமாயிருந்தது. மட்காட்டின் மடிந்த விளிம்பே அந்தக் கத்தி. மெக்கானிக் அந்த வெட்டை விரலால் தடவி நெடுநேரம் பேசாதிருந்தார். ரயரின் பலம் அதன் இறப்பரிலே இல்லை. உள்ளேயுள்ள நூற்படையிலே இருக்கிறது. அது அறுந்த ரயர் ஏ9 வீதியில் வேகமாகச் செல்லும்போது வெடித்தால், காருக்குள்ளே இருப்பவர் கதி என்ன?

“வெறும் காரில இது தெரியாது. பாரம் ஏத்திப் பாக்க வேணும்” என்று சொல்லி, கராஜின் பின்புறம் கிடந்த சீமெந்து மூடைகளைக் காட்டினார் அவர். 50 கிலோ மூடைகள் நான்கு. மருமகன் தன் கையாலேயே அவற்றைத் தூக்கி, ஆசனத்தில் சாக்கு விரித்து, ஒவ்வொன்றாக இருத்தினான். முன்பு 50 மில்லிமீற்றராக இருந்த பின்பக்க இடைவெளி, நான்காவது மூடையோடு 15 ஆகக் குறைந்தது. இனி ஒரு சிறு பள்ளம் போதும், ரயர் விளிம்பிலே படுவதற்கு. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற மருமகனைப் பார்த்து, கிழவர் சிரிப்பில்லாமல் கேட்டார்:

“சீமெந்துக்கு இடம் இருக்கு. கொம்மாவுக்கு இடமில்லையோ?”

நான் ஒன்றும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டைப் பற்றி அப்போதுதான் அவனுக்குச் சொன்னேன். அவன் காரின் பின்கதவைப் பிடித்தபடியே சிறிது நேரம் நின்றான். பிறகு, “பின்னுக்கு என்ன செய்யலாம் அண்ணை?” என்று மெக்கானிக்கைக் கேட்டான். அந்தக் கேள்வியில் பழைய மிடுக்கு இல்லை.

செய்யத்தக்கவை மூன்று. மட்காட்டின் விளிம்பைச் சூடாக்கி உட்புறமாக மடித்துவிடலாம். ஆனால் மடிக்கும் இடத்தில் பெயின்ற் வெடித்தால், எங்கள் உப்புக் காற்றிலே துரு பிடிக்க அதிக நாள் செல்லாது. ஒடுக்கமான ரயர் போடலாம். அல்லது வெட்டிய ஸ்பிறிங்கைக் கழற்றிவிட்டு, அந்தக் காருக்குரிய பழைய ஸ்பிறிங்கைப் பூட்டலாம். மூன்றாவதே நேரான வழி என்றார் மெக்கானிக். நோய்க்குக் காரணம் உயரக் குறைவாயின், உயரத்தைக் கொடுப்பதே மருந்து.

ஸ்பிறிங் வெட்டுவதிலுள்ள தீமையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு சுருள் ஸ்பிறிங்கின் விறைப்பு, அதன் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறாக இருக்கும். எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டினால் விறைப்பு எட்டின் கீழ் ஆறு மடங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு, கூடும். கார் தாழும், ஆனால் ஆசனத்தில் இருப்பவரின் முதுகு ஒவ்வொரு குழியையும் எண்ணும். அதைவிட ஆபத்தானது இன்னொன்று. குட்டையான ஸ்பிறிங், சில்லு பள்ளத்தில் தொங்கும்போது, தன் தட்டிலிருந்து தளர்ந்து விலகக்கூடும். உயரத்தைக் குறைத்தேயாக வேண்டுமென்று விரும்புபவர், அதற்கெனச் சரியான நீளத்திலும் விறைப்பிலும் செய்யப்பட்ட ஸ்பிறிங்குகளையே வாங்க வேண்டும். அரம் கொண்டு அறுப்பது சிக்கனமன்று.

முன்சில்லுகளுக்கு ஸ்பேசர் பூட்டும் வேலை அடுத்த சனிக்கிழமை நடந்தது. தகடுதானே என்று எதையும் வாங்கிப் பூட்டுதல் ஆகாது. ஹப்பின் நடுவிலே ஒரு வட்ட விளிம்பு இருக்கிறது. சில்லின் நடுத்துளை அதிலே இறுகப் பொருந்துவதனாலேயே சில்லு மையம் தவறாமல் சுழல்கிறது. தகடு இடையில் வந்தால் அவ்விளிம்பு மறைந்துவிடும். ஆகவே தகட்டுக்கும் அதே அளவான நடுத்துளையும், வெளிப்புறத்தில் அதே போன்ற விளிம்பும் இருக்க வேண்டும். இன்றேல், வேகம் கூடும்போது ஸ்ரியறிங் கையிலே நடுங்கும்.

இரண்டாவது, ஸ்ரட் ஆணியின் நீளம். அந்தக் காரின் ஸ்ரட் 12 மில்லிமீற்றர் விட்டமுடையது. புரிக்குப் புரி 1.5 மில்லிமீற்றர். நட்டு, ஆணியின் விட்டமளவு நீளமாவது புரியிலே பிடித்திருக்க வேண்டும் என்பது தொழிலாளர் கைக்கொள்ளும் விதி. 12ஐ 1.5ஆல் வகுத்தால் எட்டுச் சுற்று. 10 மில்லிமீற்றர் தகடு வைத்தால் ஏறக்குறைய ஏழு சுற்றுப் புரி பறிபோகும். பழைய ஸ்ரட்டிலே எஞ்சியவை ஐந்து சுற்றுகளே. ஐந்து சுற்றில் தொங்கும் சில்லை நம்பி ஒரு குடும்பத்தை ஏற்றலாமா? எனவே பழைய ஸ்ரட்டுகளை நீக்கி, நீளமான புதியன பூட்டப்பட்டன. இந்தச் செலவைத் தவிர்க்க எண்ணுபவர் ஸ்பேசரையும் தவிர்ப்பதே நல்லது. 20, 25 மில்லிமீற்றர் போன்ற தடித்த தகடுகளில் தமக்கெனத் தனி ஸ்ரட்டுகள் உள்ளன. அவை ஹப்பிலே ஒருமுறையும், சில்லு அவற்றின் மேலே இன்னொரு முறையுமாகப் பூட்டப்படும். ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகட்டை அடுக்குவது எக்காரணங் கொண்டும் ஆகாது.

மூன்றாவது, இறுக்கும் முறை. ஹப்பிலும் தகட்டிலும் உள்ள துருவையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைக்க வேண்டும். தூசு இருந்தால் சில்லு சாய்ந்து நிற்கும். பின்னர் தூசு நசுங்க, நட்டுத் தளரும். அலோய் சில்லின் துளை கூம்பு வடிவமாயின், நட்டும் கூம்பு வடிவமாகவே இருக்க வேண்டும். உருண்டை முகமுள்ள பழைய நட்டு அங்கே சரியாக அமராது. நான்கு நட்டுகளையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக மாறி மாறி இறுக்கி, கடைசியில் அளவு காட்டும் சாவியினால் கையேட்டிற் கூறிய அளவுக்கு முடிக்க வேண்டும். அந்தக் காருக்கு அது 108 நியூட்டன் மீற்றர். 100 கிலோமீற்றர் வரை ஓடிய பின் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஸ்பேசருக்குச் சில விலைகள் உண்டு. சில்லு வெளியே நகர்ந்தால் பெயரிங்கின் மீதான நெம்புகோல் நீளம் கூடும், தேய்வும் கூடும். வீதியின் குழிகள் ஸ்ரியறிங்கை முன்னிலும் பலமாக இழுக்கும். பத்து மில்லிமீற்றரில் இவை சிறியன. தகடு தடிக்கத் தடிக்கப் பெரியனவாகும். ஜேர்மனியில் இத்தகைய மாற்றங்களைப் பரிசோதகரிடம் காட்டி வாகனப் பத்திரத்தில் பதிந்துகொள்ளும் வழக்கமிருக்கிறது. எந்நாட்டிலாயினும், மாற்றத்தைச் செய்யுமுன் சட்டம் அறிந்தவரையும் காப்புறுதி வழங்கியவரையும் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

1948இல் மொறிஸ் மைனர் கார் சந்தைக்கு வந்தபோது நிகழ்ந்த ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அதை அமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுங்கித் தோன்றுகிறதென்று கருதி, அதை நெடுக்கு வாட்டில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். 4 அங்குலம் விலகியபோது அவருக்குத் திருப்தியாயிற்று. கார் அந்த அளவிலேயே செய்யப்பட்டது. அந்த 4 அங்குலத்தின் அடையாளமாக மைனரின் பொனற்றின் நடுவே தட்டையான ஒரு பட்டி ஓடுவதை இன்றும் காணலாம். தோற்றத்துக்காகச் செய்த மாற்றந்தான். ஆயினும் அவர் சில்லை மட்டும் வெளியே தள்ளிவிட்டு நின்றுவிடவில்லை. மட்காட்டும் கூரையும் ஆசனமும் சில்லோடு சேர்ந்து அகன்றன. உள்ளே இருந்தவர்க்கு இடம் கூடிற்று. அழகுக்கென்று செய்யும் மாற்றத்தால் ஏறியிருப்பவர்க்கு இடம் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

எங்கள் மருமகனின் காரிலே இப்போது பின்புறம் பழைய ஸ்பிறிங்குகளும் வெட்டுப்படாத புதிய ரயர்களும் இருக்கின்றன. வெட்டிய முன்ஸ்பிறிங்குகளையும் அவன் மாற்றிவிட்டான். அங்கே சிறிதளவே தாழ்த்தும், முறையாகச் செய்யப்பட்ட ஸ்பிறிங்குகள். நான்கு சீமெந்து மூடைகளையும் மீண்டும் ஏற்றி, வேகத்தடைகளில் ஏற்றி இறக்கி, ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, வெண்கட்டி வைத்துச் சோதித்தோம். வெண்கட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. கார் முன்னையிலும் இரண்டு விரல் உயர்ந்து நிற்கிறது. நண்பர் சிலர் அதைப் பார்த்து, “என்ன மச்சான், மாட்டு வண்டி மாதிரி உயர்த்திப்போட்டாய்” என்று கேலி செய்தார்களாம். அவன் ரயரின் வெட்டுப்பட்ட துண்டை அவர்களுக்குக் காட்டினானாம். அவர்களுள் இருவர் தங்கள் கார்களையும் கிழவரிடம் கொண்டுபோயினர் எனக் கேள்வி.

கார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது சிறிது. உரசல் கேட்டால் முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். உள்ளே உரசினால் ஸ்பேசரைப் பற்றி யோசியுங்கள். வெளியே உரசினால் அதை மறந்துவிடுங்கள். அளவெடுக்கும்போது உங்கள் வீட்டார் அனைவரையும் ஏற்றிவைத்து அளந்து கொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. பிள்ளையின் ஆசைக்கு இடையூறாகிறோமே என்று எண்ணி, வாய் திறவாமல் ஒதுங்கிப் போவதால் பிள்ளைக்கு நன்மை விளையாது. அவன் அறியாத ஒன்றை அவனிடம் சொல்லாமல் விட்டால், அவன் எப்படித் திருந்துவான்?

அடகு வைத்த காப்புகளுள் ஒன்று சென்ற மாதம் மீட்கப்பட்டது. ஸ்பேசரை நான்கு சில்லுக்கும் வாங்காததால் மிஞ்சிய பணமும் அதில் அடங்கும் என்று மருமகன் கணக்குக் காட்டினான். என் தங்கை இரவிலே வயிறாரச் சாப்பிடுகிறாள். பஸ்ஸின் காற்றோட்டத்தைப் பற்றி அவள் இப்போது பேசுவதேயில்லை.